லிப்ட் மெக்கானிக்கின் ரத்தம் யாருடையது?

மூன்றாவது முறையும் அந்த ரத்தம் ஒரு பெண்ணுடையது என்றே இயந்திரம் சொன்னது.

குழாயில் ஒட்டியிருந்த சீட்டின்படி அது நாற்பத்தொரு வயது ஆணின் ரத்தம். உயர்ந்த கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவர். ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அவருடைய அக்காவின் சிறுநீரகங்களில் ஒன்று அவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. மருத்துவமனையின் நான்காம் மாடியில், மரபணு ஆய்வகத்தின் ஜன்னலோர மேசையில் அமர்ந்திருந்த பெண்மணி திரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பதினாறு ஆண்டுகளாக அந்த மேசையைத் தாண்டித் தவறான குழாய் ஒன்றுகூட உள்ளே போனதில்லை என்பதால் அவருக்கு அந்தக் கட்டடம் முழுவதும் ‘சல்லடை’ என்று பெயர். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். இப்போது தொலைபேசியை எடுத்தால் அவரே “சல்லடை பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. எந்த ரத்தம் வந்தாலும், அதன் மரபணுக்களைப் படிப்பதற்கு முன்னால், அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று சிறு சோதனை செய்து சீட்டோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ குழாய்கள் இடம் மாறிவிட்டன என்று பொருள். மேற்கொண்டு ஒன்றும் பார்க்காமல் அதைத் தள்ளிவிட்டுப் புதிய ரத்தம் கேட்க வேண்டும். விதியைக் கொண்டுவந்தவர் சல்லடைதான். அதனால் எத்தனையோ நோயாளிகள் பிறர் நோய்க்கு மருந்து தின்பதிலிருந்து தப்பியிருந்தார்கள்.

மெக்கானிக்கின் முதல் குழாய் வந்து பொருந்தாமல் போனபோது சல்லடை வார்டைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டினார். இரண்டாவது குழாய்க்கு எழுத்து மூலம் திட்டினார். மூன்றாவதற்கு அன்று காலையில், செவ்வாய்க்கிழமை, தாமே இறங்கிப் போய், நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, கையில் குத்தி எடுத்து, கண்ணெதிரே சீட்டை ஒட்டி, குழாயைத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்திருந்தார். இப்போது யாரைத் திட்டுவது?

“ஒரே டியூப் மூணு தடவை மாறுமா?” என்று கேட்டார் ஆய்வகத் தலைவர். ஓய்வு நேரத்தில்கூடக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தாத மனிதர் அவர்.

“மாறல சார். நானே குத்தினேன், நானே கொண்டாந்தேன்.”

“உன் பேரு சல்லடை. அதை மறந்துறாதே. ஓட்டை இருந்தாத்தான் அது சல்லடை.”

“ஓட்டை சைஸ் தெரிஞ்சுதான் சார் வச்சிருக்கேன்.”

“விடு. ஆராய்ச்சியில முந்நூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க. ஒரு ஆளை எடுத்துட்டா குடியா முழுகிப்போகும்?”

அந்த ஒரு ஆள்தான் சல்லடைக்கு வேண்டும் என்பதைத் தலைவர் அறியாதவர் அல்லர். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களில் சிலரை மட்டும் ஒரு வைரஸ் ஏன் விடாமல் அடிக்கிறது என்பதே ஆராய்ச்சி. சைட்டோமெகலோ என்ற நீண்ட பெயருடைய அந்தக் கிருமிக்கு ஆய்வகத்தார் வைத்த பெயர் ‘தூங்குமூஞ்சி’. மனிதர்களில் மிகப் பலருடைய உடம்பில் அது ஓசையில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது; உடலின் காவல் தளர்ந்தால் விழித்துக்கொள்கிறது. ஆனால் ஒரே மருந்தை ஒரே அளவில் உண்ணும் இருவரில் ஒருவருக்கு அது விழிக்கிறது, மற்றவருக்கு விழிப்பதில்லை. நோய்க்கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடிக் கொல்லும் காவல் அணுக்களுக்குச் சில மரபணுக்கள் ஆயுதம் வார்த்துக் கொடுக்கின்றன. அந்த ஆயுதச்சாலை சிலருக்குப் பிறப்பிலேயே நிறைவாகவும் சிலருக்குக் குறைவாகவும் வாய்த்திருக்கலாம் என்பது சல்லடையின் எண்ணம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் மிக மோசமாக அடிவாங்கியவர் லிப்ட் மெக்கானிக். அவருடைய ஆயுதச்சாலை காலியாக இருக்கும் என்று சல்லடை பந்தயமே கட்டியிருப்பார்.

காலையில் ரத்தம் எடுக்கப் போனபோது நேரில் பார்த்த காட்சியும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மெக்கானிக்கின் படுக்கையருகே மருத்துவர் நின்றிருந்தார். அவரை எல்லோரும் ‘எறும்பு டாக்டர்’ என்பார்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் அவர் தவறாமல் ஓர் எறும்புக் கதை சொல்வார் என்பதே காரணம். கதை இதுதான்.

ஓர் எறும்புப் புற்றில், குப்பை அள்ளிச் சுத்தம் செய்துவந்த எறும்பு நோயில் விழுந்தது. புற்று நாறத் தொடங்கியது. பக்கத்துப் புற்றிலிருந்து இரக்கமுள்ள ஓர் எறும்பு அந்த வேலையைச் செய்ய விருந்தாளியாக வந்தது. வாசலில் நின்ற காவல் எறும்புகளோ வாடையைக் கொண்டே ஆளை அறிபவை. அந்நிய வாடை வீசியதும் அவை விருந்தாளியைக் கடித்துக் குதறப் பாய்ந்தன. ராணி எறும்பு நெடுநேரம் யோசித்துக் காவலர்களின் மூக்கில் பிசினை அடைத்தது. விருந்தாளி நிம்மதியாக வேலை பார்த்தது. ஆனால் புற்றின் மூலையில் வெகுகாலமாகச் சுருண்டு கிடந்த ஒரு திருட்டுப் பூச்சி ஒற்றைக் கண்ணைத் திறந்தது. காவலர்கள் தன்னையும் மோப்பம் பிடிக்கவில்லை என்று கண்டதும் சோம்பல் முறித்து எழுந்தது.

மெக்கானிக்குக் கொடுத்துவந்த மாத்திரைகளே அந்தப் பிசின். எழுந்துவிட்ட திருட்டுப் பூச்சி அவருடைய இடது கண்ணின் உட்திரையை அரிக்கத் தொடங்கியிருந்தது. வைரஸுக்கான மருந்து முதலில் வேலை செய்தது. பிறகு கிருமி அதற்குப் பழகிவிட்டது.

“தம்பி, மாத்திரையைப் பாதியாக் குறைக்கப்போறேன். வேற வழியில்ல” என்றார் எறும்பு டாக்டர்.

“குறைச்சா காவல் எறும்பு மூக்கு திறந்துக்கும். திறந்தா அக்கா கொடுத்ததைக் கடிச்சு வைக்கும். சரிதானே டாக்டர்?”

“கட்டாயம் கடிக்கும்னு இல்லப்பா.”

“கடிக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?”

“எந்த டாக்டரும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டான்.”

“அப்ப வேணாம். கண்ணு ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. அக்காகிட்ட போய், நீ கொடுத்ததைத் தொலைச்சிட்டேன், இன்னொரு ஸ்பேர் இருக்கான்னு கேக்க முடியுமா?”

கட்டிலின் மறுபக்கம் நின்ற அக்கா, நகரப் பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். “டேய் லூசு” என்றார். “நான் கொடுத்தது கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்கறதுக்கா? கண்ணு தெரியாம லிப்ட் ரிப்பேர் பண்ணப் போறியா? நாலாவது மாடின்னு நினைச்சு நாப்பதாவது மாடியில காலை விடு.”

“அக்கா, இது என் உடம்பு.”

“அதுல பாதி என்னுது. ஞாபகம் இருக்கட்டும்.”

விளையாட்டாகச் சொன்ன சொல்தான். டாக்டர் தம் கைக்குறிப்பில் ஏதோ எழுதினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன். அதுக்கப்புறம் உன்னைக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

புதன்கிழமை காலையில் சல்லடை தம் பணிக்காலத்தில் முதன்முறையாகத் தம் விதியைத் தாமே மீறினார். பொருந்தாத அந்தக் குழாயைத் தள்ளிவிடாமல் அதிலிருந்த மரபணுக்கள் அனைத்தையும் படித்தார். ஆயுதச்சாலை காலியாக இல்லை, நிரம்பி வழிந்தது! ஆய்வுக்கு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இத்தனை நிறைவான காவல் படை ஏழெட்டுப் பேருக்குத்தான் இருந்தது. தூங்குமூஞ்சி இந்த ரத்தத்தைக் கண்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருக்க வேண்டும். பந்தயத்தில் தோற்றதற்காக அவர் வருந்தவில்லை.

அடுத்து, சிறுநீரகம் தானம் செய்தவர் என்ற முறையில் அக்காவின் ரத்தம் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். உடன்பிறந்தவர்களுக்குச் சரிபாதி அளவில் ஒற்றுமை இருக்கும். இங்கே பார்த்த இடமெல்லாம் ஒற்றுமை. இருபது இடத்தில் பார்த்தார், நூறு இடத்தில் பார்த்தார், ஓர் இம்மியும் பிசகவில்லை. ஒரே ஆளாக இருந்தால்தான், அல்லது ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையராக இருந்தால்தான் அப்படி அமையும். ஐந்து வயது மூத்த அக்கா இரட்டையர் அல்லர்.

“அக்கா டியூப்பையே தம்பி டியூப்புன்னு ரெண்டு தடவை ஓட்டியிருக்கே” என்றார் தலைவர். ஆனால் இம்முறை அவர் குரலில் கேலி குறைந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் திரைமுன் உட்கார்ந்துவிட்டார்.

“சார், டியூப்ல தப்பு இல்ல. அப்படின்னா தப்பு எங்க இருக்கு?”

“மெஷின்ல.”

“மெஷின் நேத்து உங்க ரத்தத்தை ஆம்பளைன்னு சரியாத்தானே சொல்லுச்சு?”

“பின்ன எங்கதான் தப்புங்கறே?”

“அந்த ஆளுக்குள்ள இருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே சல்லடை எழுந்தார். லிப்ட் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

மெக்கானிக் கட்டிலில் அமர்ந்து, இடது கண்ணை மூடியும் திறந்தும் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் ரத்தமா? உடம்புல ஏதாவது மிச்சம் வைங்க மேடம்.”

“ரத்தம் வேணாம். முடி வேணும். வேரோட.”

அவர் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “என்னை நல்லாப் பாத்துட்டுத்தான் கேக்கறீங்களா? இருக்கறது மொத்தம் நாப்பது. ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சுக் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

“பத்து போதும்.”

“பத்தா! கால்வாசி சொத்தை எழுதி வாங்கறீங்களே!”

ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போதும் அவர் “ஆ” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அந்த வார்டில் அன்று சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இயந்திரம் பதில் சொன்னது. முடியின் வேர் ஓர் ஆணுடையது. அக்காவோடு பாதி ஒத்துப்போனது, பாதி வேறுபட்டது. தம்பி என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. ஆக, முடி தம்பியுடையது, ரத்தம் அக்காவுடையது. ஓர் உடம்புக்குள் இருவர் குடியிருந்தார்கள்!

இப்படி ஒரு நிலை வரக்கூடும் என்று சல்லடை தேர்வுக்குப் படித்திருக்கிறார், கண்ணால் கண்டதில்லை. ரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில். அந்த மஜ்ஜையை முழுவதும் அழித்துவிட்டு வேறொருவரின் மஜ்ஜையை ஊற்றினால், அன்று முதல் ஊறும் ரத்தம் கொடுத்தவருடையதாகவே இருக்கும். ஆனால் மெக்கானிக்கின் மருத்துவக் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. ‘நான்கு வயதில் கடுமையான நெஞ்சுச் சளி’ என்று ஒரே ஒரு வரி இருந்தது.

அக்காவின் தொலைபேசி பதிலளிக்கவில்லை; வண்டி ஓட்டும்போது அவர் அதை அணைத்துவிடுவார். சல்லடை பணிமனையை அழைத்து வழித்தடம் கேட்டு, வாடகைக் காரில் அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பேருந்து வந்து நின்று பயணிகள் இறங்கினார்கள். ஓட்டுநர் இருக்கையில் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்.

“மேடம், நீங்களா? அவனுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அவர் நல்லா இருக்கார். ஒரு கேள்வி கேக்கணும்.”

“எட்டு நிமிஷம் இருக்கு. கேளுங்க.”

“தம்பிக்கு நாலு வயசுல வந்தது நெஞ்சுச் சளிதானா?”

“ஆமா. ஆறு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தான்.”

“நெஞ்சுச் சளிக்கு ஆறு மாசமா?”

அக்கா பாட்டிலை மூடி, பக்கத்தில் வைத்தார். ஓட்டுநர் கண்ணாடியில் காலி இருக்கைகளைப் பார்த்தபடி, “அவன்கிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கோம்” என்றார்.

“நிஜமா என்ன?”

“ரத்தப் புத்துநோய். எனக்கே வளந்தப்புறம்தான் அந்தப் பேரு தெரியும். அவன் வாழ்நாள் பூரா பயந்துக்கிட்டே கிடப்பான், நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. இப்ப அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. சத்தியம் மட்டும் இருக்கு.”

“அப்ப உங்க உடம்புலேர்ந்து ஏதாவது எடுத்தாங்களா?”

“ஊசி போட்டாங்க. இடுப்பெலும்புல, பின்பக்கமா. மயக்க மருந்து கொடுத்துத்தான். எனக்கு ஒம்பது வயசு. ரெண்டு நாள் குப்புறவே படுத்துக் கிடந்தேன். ஐஸ்கிரீம் கேட்டேன், கேட்டதும் வாங்கிக் கொடுத்தாங்க. எங்க வீட்டுல அதுவே பெரிய அதிசயம். அதான் நல்லா ஞாபகம் இருக்கு.”

“இதைக் கிட்னி கொடுக்கும்போது ஏன் சொல்லல?” சல்லடையின் குரல் உயர்ந்துவிட்டது.

“யாரு கேட்டா? ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கான்னு ஃபாரத்துல இருந்துச்சு. இல்லன்னு எழுதினேன். ஊசி போட்டதையெல்லாம் ஆபரேஷன்னு யாராவது எழுதுவாங்களா?”

சல்லடை படியேறி உள்ளே பாய்ந்து ஓட்டுநரைக் கட்டிக்கொண்டார். அவர் முழங்கை பட்டு ஹாரன் அலறியது. நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் துள்ளி விலகினார்கள்.

“அட விடுங்க! நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு மட்டும் சொல்லிட்டு இறங்குங்க. நான் அம்பது பேரை வச்சுக்கிட்டு ஓட்டணும்.”

“நல்ல செய்தி! நல்ல செய்தி!”

“அப்படின்னா அவன்கிட்ட நான்தான் சொல்வேன். அஞ்சு மணிக்கு டூட்டி முடியும். அதுவரைக்கும் டாக்டர்கிட்டகூட மூச்சு விடக் கூடாது. அவர் வாயில எறும்பு மட்டும்தான் நிக்கும், ரகசியம் நிக்காது.”

அன்று மாலை ஐந்து மணி வரையில் சல்லடை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தலைவர் இரண்டு முறை கேட்டார். இவர் இரண்டு முறையும் உதட்டைக் கடித்துக்கொண்டு குடுவைகளைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய குடுவைகள்.

ஐந்தே காலுக்கு அக்கா வந்தார். எறும்பு டாக்டரும் மாலைச் சுற்றுக்கு வந்திருந்தார். தலைவரோ அழைக்காமலே பின்னால் வந்து நின்றார். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

மெக்கானிக் அக்கா பக்கம் திரும்பினார். “அப்ப எனக்கு நெஞ்சுச் சளியே வரல?”

“இல்லடா.”

“அதுக்காகத்தானே நாப்பது வருஷமா மழையில நனையாதே, ஐஸ் தண்ணி குடிக்காதேன்னு உயிரை எடுத்தீங்க?”

“குடிச்சிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பே?”

“ஐஸ்கிரீம் நீ தின்னே. சளி எனக்கா?”

அக்கா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். சல்லடை இனியும் பொறுக்கமுடியாமல், முடியும் ரத்தமும் சொன்ன இரண்டு விடைகளை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். சிறுவயதில் அந்த நோய்க்குக் கொடுத்த கடுமையான மருந்துகள்தாம் சிறுநீரகங்களை மெல்ல மெல்லக் கெடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் முணுமுணுத்தார். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மெக்கானிக் கையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம் டாக்டர். உங்க எறும்புக் கதையில அந்தக் காவல் எறும்புங்க ரத்தத்துலதானே இருக்கு?”

“ஆமா.”

“என் ரத்தம் அக்கா ரத்தம். கிட்னியும் அக்கா கிட்னி. அப்ப காவல் எறும்பும் விருந்தாளியும் ஒரே புத்துல பொறந்ததுங்க. அதுங்க மூக்கை எதுக்கு அடைச்சு வச்சிருக்கீங்க?”

எறும்பு டாக்டர் பக்கத்துக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக அது காலியாக இருந்தது. “இருபத்தாறு வருஷமா இந்தக் கதையைச் சொல்றேன்” என்றார். “இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்டதில்லப்பா.” பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு மாசம் முன்னாடி உன் ரத்தத்துல கிரியாட்டினின், அதான் கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, கொஞ்சம் ஏறுச்சே, ஞாபகம் இருக்கா? காவல் எறும்பு கடிக்குதுன்னு நினைச்சு நான்தான் மாத்திரையைக் கூட்டினேன். கடிச்சது எறும்பு இல்ல. மாத்திரையே கிட்னியைச் சுட்டிருக்கும். நான் அதையே இன்னும் கூட்டி, திருட்டுப் பயலுக்குக் கதவையும் திறந்து விட்டிருக்கேன்.”

“பொருத்தம் பாக்கும்போதே தெரிஞ்சிருக்க வேணாமா?” என்று தலைவர் கேட்டார்.

“பாத்தோம் சார். அச்சடிச்ச மாதிரி பொருந்துச்சு. கூடப் பொறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு அப்படி அமையும். லாட்டரி விழுந்துச்சுன்னு கை தட்டினோம்.”

“அப்ப மாத்திரையை மொத்தமா நிறுத்திருவோமா?” என்று மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டார்.

“உக்காரு, உக்காரு. இன்னிக்குப் பாதியாக் குறைக்கறேன். அதுக்குச் சம்மதமா?”

“ராத்திரி மாத்திரை டப்பாவையே தூக்கிப் போட்டுடறேன்.”

“போட்டே, நானே உன்னைத் தூக்கிப் போடுவேன். மிச்சத்தை நிறுத்தறதுக்கு முன்னாடி சல்லடை ஒரு சோதனை பண்ணட்டும். கண்ணால பாக்காம அக்கா கொடுத்ததை வச்சு நான் சூதாட மாட்டேன்.”

சோதனை எளியது, ஆனால் ஆறு நாள் பிடிக்கும். மெக்கானிக்கின் காவல் அணுக்களை ஒரு சிறு குழியில் அக்காவின் அணுக்களோடு கலந்து வைக்க வேண்டும். இன்னொரு குழியில் முற்றிலும் அந்நியரான ஒருவரின் அணுக்களோடு கலக்க வேண்டும். காவலர்கள் எவரை எதிர்த்துப் பெருகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்நியராக யாரைப் பிடிப்பது என்ற பேச்சு எழுந்ததும் எல்லோர் பார்வையும் தலைவர்மேல் விழுந்தது. அவர் வாழ்வில் முதன்முறையாகக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

ஆறாம் நாள் சல்லடை குழிகளை எண்ணியபோது தலைவர் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

“தம்பியும் அக்காவும்?”

“அசையல சார். வகுப்புல வாத்தியார் நுழைஞ்ச மாதிரி அமைதி.”

“தம்பியும் நானும்?”

“உங்களைப் பாத்ததும் துவம்சம் பண்ணியிருக்கு சார். எண்ணி மாளல.”

“இவ்வளவு வெறுப்பா?” என்றார் தலைவர் மனம் புண்பட்டவர்போல.

“அக்காவோட அணுவையும் உங்களோட வச்சுப் பாத்தேன். அதே அளவு வெறுப்பு. ரெண்டும் ஒரே படைதான்!”

தலைவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினார். அவர் ஓடியதை அதற்குமுன் எவரும் பார்த்ததில்லை.

அதன்பின் மாத்திரை வாரத்துக்கு ஒரு படியாக இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு எண்கள் வரும்: ரத்தத்தில் எத்தனை வைரஸ், கிரியாட்டினின் எவ்வளவு. முதல் எண் சரிந்தது, பாதியானது, பாதியில் பாதியானது. இரண்டாவது எண் இருந்த இடத்தில் நின்றது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மட்டும் அது திடீரென்று ஏறியது. அக்கா வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு ஓடிவந்தார். சல்லடை ரத்தத்தை மறுபடி சோதித்தார்; எண் மாறவில்லை. பழைய அளவுக்கே மாத்திரையை ஏற்றிவிடலாமா என்று டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் மெக்கானிக், முந்தைய நாள் பழைய நண்பரின் லிப்ட் ஒன்றைத் தொலைபேசியிலேயே பழுதுபார்த்துக் கொடுத்ததாகவும், அந்த மும்முரத்தில் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அக்கா திட்டிய திட்டைக் கேட்டு வார்டுச் செவிலியர் கதவைச் சாத்தினார். இரண்டு குடம் தண்ணீர் உள்ளே போனபிறகு மறுநாள் அந்த எண் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

இடது கண்ணின் ஓரத்தில் கிருமி அரித்துப்போன பகுதி திரும்பி வரவில்லை. வராது என்று கண் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அரிப்பு நின்றுவிட்டது. நடுப்பார்வை முழுதாகப் பிழைத்தது. கடிகாரத்தின் நொடிமுள்ளை அந்தக் கண்ணாலேயே பார்க்க முடிந்த நாளில் மெக்கானிக் வார்டு முழுவதற்கும் மணி சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.

இதற்கிடையே சல்லடை தம் விதியோடு ஒரு வரியைச் சேர்த்தார். சீட்டும் ரத்தமும் பொருந்தாத நோயாளியிடம் புதிய ரத்தம் கேட்பதற்கு முன்னால், ‘சிறுவயதில் யாராவது உங்களுக்கு மஜ்ஜை கொடுத்தார்களா’ என்று கேட்க வேண்டும். அவரிடம் மட்டுமல்ல, அவர் வீட்டாரிடமும் கேட்க வேண்டும். ஆராய்ச்சிப் பட்டியலில் மெக்கானிக்கை எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. பலவீனமான காவல் உடையவர்கள் ஒரு பக்கம், பலமான காவல் உடையவர்கள் மறுபக்கம். இவரோ பலமான காவலைக் கட்டிப்போட்டு வைத்திருந்தவர். கடைசியில் அவருக்கென்று தனியாக ஒரு கட்டம் வரைந்தார்.

கடைசி மாத்திரையும் நின்று முப்பதாம் நாள். எறும்பு டாக்டர் தாளைப் பிரித்து உரக்கப் படித்தார். வைரஸ்: கண்டுபிடிக்க முடியவில்லை. கிரியாட்டினின்: அக்காவுக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. மாதாமாதம் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மற்றபடி மாத்திரை இல்லை, முகக்கவசம் இல்லை, கூட்டமான இடத்துக்குப் போகத் தடையும் இல்லை.

“அக்காவுக்கு போன் போடு” என்றார் டாக்டர்.

“ஓட்டும்போது எடுக்க மாட்டா டாக்டர். நேர்ல போறேன்.”

மருத்துவமனை வாசலிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில் அவர் காத்திருந்தார். நான்கு பேருந்துகள் வந்துபோயின. ஐந்தாவதாக அக்காவின் வண்டி பள்ளி விடும் நேரத்துக் கூட்டத்தோடு, நிற்க இடமில்லாமல், பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு வந்தது. முன்கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அக்கா, முகக்கவசமில்லாமல் நின்ற தம்பியைப் பார்த்ததும் கைப்பிரேக்கை விடுவிக்க மறந்தார்.

“என்னடா சொன்னாரு?”

“ஒண்ணுமே இல்லையாம். தேடித் தேடிப் பாத்தாங்களாம், அகப்படல.”

“மாத்திரை?”

“நின்னாச்சு. நிரந்தரமா.”

“கிட்னி?”

“உன்னுது எப்படியோ அப்படியே.”

பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பின. பேருந்துக்குள்ளிருந்து ஒருவர், “அம்மா, வண்டி கிளம்புமா கிளம்பாதா?” என்று குரல் கொடுத்தார். அக்கா புறங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதே. ஏறு, உள்ள தள்ளிப் போ.”

நெரிசலில் முண்டியடித்து ஏறிய மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே யாரோ பலமாகத் தும்மினார். அவர் ஒதுங்கவில்லை.

“நல்லாத் தும்முங்க சார்” என்றார். “எங்க அக்கா பாத்துக்குவா.”